விரதச் சாப்பாடு வேண்டாம், விருந்தாகவே சமையுங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். தீபாவளி அன்று இரவுச் சாப்பாடு ஒவ்வொரு வருடமும் எங்கள் வீட்டில்தான், இருபது பேருக்குக் குறையாது. ஆட்டுக்கறிப் பெரட்டலும் கோழிக் குழம்பும் இல்லாமல் அந்த மேசையை நான் பார்த்ததே இல்லை. இந்த வருடம் பெரிய மகனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. மருமகள் சீனப் பெண். அவள் அப்பா அம்மா பௌத்தர்கள், முழுச் சைவம், வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. கோலாலம்பூரில் படிக்கும் என் சின்ன மகளும் இப்போது இறைச்சி, முட்டை, பால், நெய் எதையும் தொடுவதில்லை. சம்பந்தி முதல் தடவையாக வருவதால் அன்றைக்கு இரவு எல்லாருக்குமே கறி இல்லாமல் சமைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் மாமனார், "கறி இல்லாம என்னம்மா தீபாவளி?" என்கிறார். கடையில் சைவ மட்டன் வாங்கிப் பெரட்டிவிடட்டுமா? வேறு என்னென்ன செய்யலாம்? முதல் நாள் என் மாமியாருக்கு வைக்கும் படையலில் ஆட்டுக்கறி வைப்போம், அதையும் மாற்றணுமா?

பதில்: வணக்கம் தங்கச்சி. கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். படையலை மாற்ற வேண்டாம். அது முதல் நாள், உங்கள் மாமியாருக்குப் பிடித்ததை வைத்துக் கும்பிடுவது, உங்கள் குடும்பத்துக்கும் அவருக்கும் உள்ள விஷயம். விருந்து மறுநாள் இரவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் மாமனார் மனம் நோகும், அதற்கப்புறம் நீங்கள் எவ்வளவு நன்றாகச் சமைத்தாலும் அவர் வாய்க்கு அது பிடிக்கப்போவதில்லை.

சரி, இப்போது அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பினாங்கில் கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் சைவ விருந்து சமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில், அதனால் இதே கேள்வியைப் பெரியவர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் சைவச் சாப்பாடு என்றாலே சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், அப்பளம், மோர் என்று வாழை இலையில் வரும் ஒரே வரிசைதான். வெள்ளிக்கிழமை அதுதான், திதிக்கு அதுதான், தைப்பூச விரதத்துக்கு அதுதான், போதாக்குறைக்கு எந்த நாளில் வாழை இலைக் கடைக்குப் போனாலும் அதுதான். அதோடு தீபாவளி வருவது ஐப்பசியில். புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம் காத்த வீடுகளில் விரதம் முடிந்து கறிச்சட்டி அடுப்பேறுவதே இந்தச் சமயத்தில்தான். அப்போது மறுபடியும் சாம்பாரைக் கொண்டுவந்து வைத்தால் எண்பது வயதுப் பெரியவர் மட்டுமல்ல, உங்கள் மகனும் முகம் சுளிப்பான். அவருக்கு ஏக்கம் ஆட்டிறைச்சியின் மேல் மட்டும் இல்லை. வீடு முழுக்கச் சோம்பும் பட்டையும் மணக்கணும், சட்டியில் எண்ணெய் பிரிந்து மசாலா கருகருவென்று சுண்டணும், கடித்தால் பல்லுக்கு வேலை இருக்கணும், சோற்றைப் பிசைய ஒரு கனமான குழம்பு இருக்கணும். இத்தனையும் இறைச்சி இல்லாமல் கொடுக்க முடியும்.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான்: அன்றைக்குச் சாம்பார், ரசம், கூட்டு மூன்றையும் அடுப்பிலேயே ஏற்றாதீர்கள். கறி விருந்து சமைக்கிற அதே கையோடு, அதே மசாலாவோடு, அதே வரிசையில் சமையுங்கள். இறைச்சி மட்டும் இருக்காது. இன்னொன்று, கறி இருந்த இடத்தை நிரப்ப ஏழெட்டுத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்களைப் பரப்பிவிட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது நடக்காது. தட்டில் எட்டு வகை இருக்கும், ஆனால் சாப்பிடுகிறவருக்கு எதைச் சாப்பிட்டோம் என்றே தெரியாது. நடுவில் ஒரு பெரட்டல் கனமாக நிற்கணும், மற்றதெல்லாம் அதைச் சுற்றி நாலைந்து இருந்தால் போதும்.

மாமனாருக்கு ஒரு வழி இருக்கிறது. தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து இட்லி தோசையோடு கறிக்குழம்பு சாப்பிடுவது நம் வீடுகளில் வழக்கம்தானே. அன்று காலை அவருக்கு ஆட்டுக்கறியை நன்றாக வைத்துக் கொடுங்கள். மகளுக்குத் தேங்காய்ச் சட்னி இருந்தால் போதும். காலையில் அவர் தீபாவளி, இரவில் சம்பந்திக்கு விருந்து என்று முதலிலேயே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள், மேசையில் போய்த் தெரிந்துகொள்ள விடாதீர்கள். தீபாவளி வெள்ளிக்கிழமை வந்தால் கறியே எடுக்காத குடும்பங்கள் எத்தனையோ உண்டு, அமாவாசையோடு சேர்ந்து வந்தாலும் அப்படித்தான், அவருக்கும் அது தெரியாமல் இருக்காது. இன்னொன்றும் சொல்லுங்கள்: சீன பௌத்தர்களில் தினமும் சைவம் சாப்பிடாதவர்கள்கூட சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் காப்பதுண்டு, ஏறக்குறைய நம் அமாவாசையும் பௌர்ணமியும் வரும் நாட்கள்தான் அவை. ஒன்பது பேரரசர் தெய்வ விழாவுக்குப் பினாங்கில் சீனர்கள் ஒன்பது நாள் சைவம் இருப்பதையும் அவர் வருடா வருடம் மஞ்சள் கொடிகளோடு பார்த்திருப்பார். சம்பந்தியோடு பேச அவருக்கும் ஒரு விஷயம் கிடைக்கும்.

சைவ மட்டன் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடுச் சட்டிக்கு அது வேண்டாம். முதல் காரணம், அந்தப் பொருளை வகை வகையாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள் உங்கள் சம்பந்தி வீட்டார். அவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. மாமனாருக்கோ முதல் வாயிலேயே தெரிந்துவிடும், அப்புறம் ஒப்பிட்டு ஒப்பிட்டே சாப்பிடுவார். இரண்டாவது, பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். காளான் தண்டிலோ சோயாவிலோ கோதுமைப் புரதத்திலோ செய்ததாக இருக்கும், ஆனால் ஒட்டுவதற்கு முட்டை வெள்ளைக்கருவோ பால் புரதமோ சேர்க்கிற தயாரிப்புகள் உண்டு, அது உங்கள் மகளுக்கு ஆகாது. ஒருவேளை பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் வாங்குகிறீர்கள் என்றால் காளான் தண்டில் செய்ததாகப் பார்த்து வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, எண்ணெயில் ஓரம் சிவக்கப் பொரித்த பிறகே மசாலாவில் போடுங்கள். நேராகக் குழம்பில் போட்டால் பஞ்சு மாதிரி ஊறிக் கிடக்கும். ஆட்டுக்கறி என்று சொல்லி மட்டும் யாருக்கும் பரிமாறாதீர்கள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். பெரியவரை ஏமாற்றிச் சாப்பிடவைத்தால் அடுத்த முறை நீங்கள் வைக்கும் எதையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

சமைக்கத் தொடங்கும் முன் மருமகளிடம் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம் பூண்டு இல்லை என்றதும் நம் கை தானாகப் பெருங்காய டப்பாவுக்குப் போகும். ஆனால் சீன பௌத்தர்கள் ஒதுக்குகிற ஐந்து காரநெடிப் பொருட்களின் பழைய பட்டியலில் வெங்காயம், பூண்டு வகைகளோடு பெருங்காயமும் உண்டு. ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் விளையும் பொருள் என்பதால் சீனச் சமையலில் அதற்குப் பெரிய வேலை இல்லை, பலருக்கு அது பட்டியலில் இருப்பது நினைவில்கூட இருக்காது. சிலர் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். கேட்டுவிடுவது நல்லது. பதில் தெளிவாக வரவில்லை என்றால் பெருங்காயத்தை விட்டுவிடுங்கள், நான் கீழே சொல்லும் எதற்கும் அது தேவையில்லை. வெங்காயத்தாள், சூப்பிலும் மீயிலும் தூவுகிற குச்சாய் என்கிற பூண்டுத்தாள், இரண்டும் கூடாது. இஞ்சி தாராளமாகச் சேர்க்கலாம். பால், நெய் அவர்களுக்கு ஆகுமா என்றும் கேளுங்கள், ஆகும் என்றாலும் மகளுக்காக நாம் விட்டுவிடப் போகிறோம். அப்புறம் பாத்திரம். கறி சமைத்த சட்டியில் சமைத்ததைச் சிலர் சாப்பிட மாட்டார்கள், சிலருக்கு நன்றாகக் கழுவியிருந்தால் போதும். அதையும் மருமகளிடமே கேளுங்கள், அவளுக்குத்தான் தன் அப்பா அம்மாவின் அளவு தெரியும். எப்படியிருந்தாலும் பொரிப்பதற்குப் புது எண்ணெய், காலையில் கறி கிண்டிய கரண்டி இரவு அடுப்பங்கரைக்கே வரக் கூடாது.

இனி பெரட்டல். பிஞ்சுப் பலாக்காய்தான் என் தேர்வு. காலைச் சந்தையில் மலாய்க்கார மக்சிக்குகளிடம் நங்கா மூடா என்று கேட்டால் தோல் சீவி வெட்டியே வைத்திருப்பார்கள், அவர்கள் அதைத் தேங்காய்ப்பாலில் மசாக் லெமாக் செய்வார்கள். தீபாவளி நெருக்கத்தில் கிடைக்காமல் போய்விடாதபடி இரண்டு நாள் முன்பே சொல்லிவையுங்கள். கொட்டை முற்றாததாகப் பார்த்து வாங்கணும், சுளை மஞ்சளாகத் திரும்பியிருந்தால் இனிப்புத் தட்டிவிடும். முழுக்காயாக வாங்கி வீட்டில் வெட்டுவதாக இருந்தால் கைக்கும் கத்திக்கும் எண்ணெய் பூசாமல் தொடாதீர்கள், பால் ஒட்டினால் லேசில் போகாது. உப்புத் தண்ணீரில் போட்ட டின் பலாக்காயும் ஆகும், ஆனால் இரண்டு மூன்று தடவை அலசி ஊறவைத்து அந்த டின் புளிப்பை எடுத்துவிடணும்.

இருபது பேருக்குச் சுத்தம் செய்த பலாக்காய் இரண்டு கிலோ, தெம்பே (சோயாவைப் புளிக்கவைத்த கட்டி) ஒரு கிலோ எடுங்கள். தெம்பே எதற்கு என்றால், பலாக்காயில் நார் உண்டு, கடி உண்டு, புரதம் மிகக் குறைவு. இறைச்சியை எடுத்துவிட்டு வெறும் பலாக்காயை வைத்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பசிக்கும். தெம்பேயில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 19 கிராம் புரதம் இருக்கிறது, வயிற்றில் நிற்கும், மசாலாவையும் நன்றாக உறிஞ்சும். தெம்பேயை விரல் கனத்துக்கு வெட்டி ஆவியில் பத்து நிமிடம் வைத்தால் அதன் கசப்பு போய்விடும், அப்புறம் பொரித்து எடுத்துவையுங்கள். பலாக்காயை இரண்டு அங்குலத் துண்டாக வெட்டி, உப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் கால் மணி நேரம் முதல் இருபது நிமிடம் வரை. குத்தினால் இறங்கணும், ஆனால் நார் பிரியக் கூடாது. வடித்து, துணியில் போட்டு அழுத்தித் தண்ணீர் எடுத்து, மிளகாய்த்தூளும் மிளகுத்தூளும் கொஞ்சம் கிச்சாப்பும் (சோயா சாஸ்) பிசறி வைத்து, எண்ணெயில் ஓரம் கருஞ்சிவப்பாகும்வரை வறுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் பலர் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள். வறுக்காத பலாக்காய் குழம்பில் கிடக்கும் காய்கறிதான், வறுத்தால்தான் அதற்குப் பெரட்டலுக்கான உடம்பு வரும்.

வெங்காயம் செய்கிற வேலை இரண்டு, ஒன்று இனிப்பு, இன்னொன்று குழம்புக்குக் கனம். அதற்குப் பதிலாக ஒரு சின்ன முட்டைக்கோஸை நூலாக அரிந்து எண்ணெயில் பொறுமையாகப் பழுப்பு நிறம் வரும்வரை வதக்கி அரைத்துவையுங்கள். நம்ப மாட்டீர்கள், வதக்கிய வெங்காயத்தின் இனிப்புக்கு மிகக் கிட்டத்தில் வரும். அப்புறம் அகன்ற சட்டியில் எண்ணெய் தாராளமாக ஊற்றி, பட்டை, அன்னாசிப்பூ, கிராம்பு, ஏலம், இரண்டு மேசைக்கரண்டி சோம்பு, கைநிறையக் கறிவேப்பிலை, தட்டிய இஞ்சி 150 கிராம், கீறிய பச்சை மிளகாய். மணம் எழும்பியதும் பழுத்த தக்காளி ஒரு கிலோவை அரைத்து ஊற்றி அதன் பச்சை வாடை போய் எண்ணெய் மிதக்கும்வரை சுண்டவிடுங்கள். நீங்கள் ஆட்டுக்கறிக்குப் போடும் அதே மசாலாத்தூளைத் தண்ணீரில் குழைத்துச் சேர்க்கலாம். பொட்டலத்தில் இறைச்சி மசாலா என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம் வகையறாதான். பூண்டுத்தூள் கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். நாம் கறி வாசம் கறி வாசம் என்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்தச் சோம்பும் பட்டையும் மிளகும் கறிவேப்பிலையும்தான், மாமனார் மூக்குக்கு அது போய்ச் சேர்ந்தாலே பாதி வேலை முடிந்தது.

அந்த மசாலாவில் அரைத்த முட்டைக்கோஸ், பிறகு காய்ந்த ஷிட்டாக்கே காளான் ஊறவைத்த தண்ணீரை வடிகட்டி இரண்டு கோப்பை. எலும்பு போட்டுக் கொதிக்கவைத்தால் குழம்பில் ஒரு ஆழம் வருமே, அதைச் சைவத்தில் கொடுப்பது இந்தக் கறுப்புத் தண்ணீர்தான், கீழே கொட்டிவிடாதீர்கள். ஊறிய காளானையும் நறுக்கிப் போட்டுவிடலாம். கெட்டிக் கிச்சாப் இரண்டு கரண்டி. பலாக்காயும் தெம்பேயும் உள்ளே போனதும் தீயைக் குறைத்து, அடிக்கடி கிளறாமல், சட்டியில் மசாலா ஒட்ட ஒட்டச் சுரண்டி விட்டு அரை மணி நேரம். கடைசியில் தேங்காய்த்துருவலை எண்ணெயில்லாமல் செம்பழுப்பாக வறுத்து எண்ணெய் கசிய இடித்த கெரிசிக் ஒரு கோப்பை, வறுத்துப் பொடித்த மிளகும் சோம்பும், மறுபடி ஒரு பிடி கறிவேப்பிலை. உப்பைக் கடைசியில் பாருங்கள், கிச்சாப்பிலும் உப்பு உண்டு. இதை முதல் நாளே செய்து ஆறியதும் பிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடாக்கினால் மசாலா உள்ளே இறங்கி இன்னும் நன்றாக இருக்கும்.

பெரட்டல் சுண்டி வறண்டு இருப்பதால் ஒழுகுகிற ஒன்று வேண்டும். அதற்கு டால்ச்சா. மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ஆட்டெலும்பு போட்டு வைப்பார்கள், நீங்கள் எலும்புக்குப் பதில் தவ் போக் போடுங்கள், பொரித்த அந்தத் தௌஹூ (டோஃபு) குழம்பைக் குடித்துவிட்டு கடிக்கும்போது வாயில் விடும், சீனச் சம்பந்திக்கும் அது பழகிய பொருள். பருப்பு நன்றாகக் குழைந்ததும் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், கேரட், கறி மசாலா கொஞ்சம், புளித்தண்ணீர், கடைசியில் தேங்காய்ப்பால். பருப்பு கனமாக இருக்கணும், சாம்பார் மாதிரி ஓடக் கூடாது.

சோறு வெள்ளையாக வேண்டாம். நெய்ச்சோற்றை நெய் இல்லாமல் செய்யலாம்: எண்ணெயில் பட்டை, ஏலம், கிராம்பு, அன்னாசிப்பூ, முடிச்சுப் போட்ட பாண்டான் இலை, நசுக்கிய இஞ்சி, புதினா தாளித்து, இருபது நிமிடம் ஊறிய பாஸ்மதி அரிசியை லேசாகப் பிரட்டி, தண்ணீரில் கால் பங்குக்குத் தேங்காய்ப்பால் கலந்து வேகவிடுங்கள். ஒரு பங்கு அரிசிக்கு ஒன்றரைப் பங்கு போதும். இருபது பேருக்கு இரண்டு கிலோ அரிசி சரியாக இருக்கும், சாப்பாட்டுப் பிரியர்கள் அதிகம் என்றால் அரைக் கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். மேலே வறுத்த முந்திரி, திராட்சை. பொரித்த சின்ன வெங்காயம் இல்லாமல் நெய்ச்சோறா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால், பொரித்துத் தனிக் கிண்ணத்தில், மேசையின் மறு ஓரத்தில் வைத்துவிடுங்கள், வேண்டியவர்கள் தூவிக்கொள்ளட்டும்.

தயிர்ப் பச்சடியின் இடத்துக்கு அன்னாசிப்பழப் பஜெரி வைக்கச் சொல்வேன். வடக்கே கெடா, பினாங்கு பக்கம் மலாய்க் கெண்டூரி விருந்துகளில் நெய்ச்சோற்றோடு வருமே, அதுதான். முற்றிலும் பழுக்காத அன்னாசியை வட்டமாக வெட்டி, பட்டை கிராம்பு தாளித்த எண்ணெயில் கறி மசாலாவோடு வதக்கி, கொஞ்சம் சர்க்கரை, தேங்காய்ப்பால், மேலே கெரிசிக். புளிப்பு, இனிப்பு, காரம் மூன்றும் இருப்பதால் எண்ணெய்ப் பெரட்டலுக்கு நடுவே வாயைக் கழுவிவிடும். அதோடு ஒரு வெள்ளரிக்காய்க் கெராபு, வறுத்த தேங்காய், எலுமிச்சை, பச்சை மிளகாய், வறுத்து இடித்த கச்சான் (வேர்க்கடலை) போட்டு, பரிமாறும் நேரத்தில் கலந்தால் போதும், முன்னால் கலந்தால் தண்ணீர் விட்டுவிடும்.

கோழி வறுவல் இருந்த இடத்துக்குச் சிப்பிக் காளான். பிள்ளைகள் அதைத்தான் முதலில் காலி பண்ணுவார்கள், ஆகவே கணக்குப் பார்க்காமல் இரண்டு கிலோ வாங்குங்கள். கத்தி வேண்டாம், கையால் நாராகக் கிழியுங்கள், கழுவினால் நன்றாகப் பிழியுங்கள். மிளகு, சோம்புத்தூள், மிளகாய்த்தூள், உப்பு பிசறி, அரிசிமாவும் சோளமாவும் தூவி, கொஞ்சம் கொஞ்சமாகப் பொரித்து எடுங்கள். ஒரே நேரத்தில் சட்டியை நிரப்பினால் எண்ணெய் சூடு இறங்கிக் காளான் சவசவத்துவிடும். இது ஒன்றை மட்டும் விருந்தாளி வந்த பிறகு செய்யணும், மற்றது எல்லாம் முன்பே முடிந்துவிடும்.

இனிப்புக்கு யோசிக்கவே வேண்டாம், சவ்வரிசிப் பாயசத்தில் பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், சர்க்கரைக்குப் பதில் குலா மெலாக்கா என்கிற தென்னைவெல்லம். முறுக்கு, அதிரசம் பிடிக்கும்போது மாவில் நெய்யோ வெண்ணெயோ சேர்ப்பீர்கள் என்றால் மகளுக்காக ஒரு டப்பா எண்ணெயில் பிசைந்து தனியாக வையுங்கள்.

நம் மேசையில் கவனிக்காமல் நுழைந்துவிடும் பொருட்களைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கறையோடு சமைத்த வீடுகளிலும் இங்கேதான் கோட்டை விடுவதைப் பார்த்திருக்கிறேன். விருந்து என்றதும் ஒரு தட்டு கெரோப்போக் பொரித்து வைப்போம், அது இறாலோ மீனோ. அப்பளம் வையுங்கள். வெளியில் வாங்கும் அச்சாரில் பெலாச்சானோ (இறால் விழுது) காய்ந்த இறாலோ இருக்கலாம், வெங்காயமும் பெரும்பாலும் இருக்கும். சம்பல் செய்வதென்றால் பெலாச்சானுக்குப் பதில் தௌச்சூவை (புளித்த சோயா விழுது) நசுக்கிப் போடுங்கள், அந்தப் புளித்த உப்புச் சுவை கிடைத்துவிடும். உதவிக்கு வரும் சொந்தக்காரர்கள் யாராவது ருசி பத்தவில்லை என்று கோழிச் சுவைக் கட்டியைக் கிள்ளிப் போட்டுவிடப் போகிறார்கள், அன்றைக்கு அதை அலமாரியிலிருந்து எடுத்து ஒளித்துவைத்துவிடுங்கள். ஜெல்லி செய்தால் அகார்-அகாரில் செய்யுங்கள், அது கடற்பாசி. ஜெலட்டின் என்று எழுதியிருந்தால் வேண்டாம், விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது. சிப்பி சாஸ் வேண்டாம், காளானில் செய்த சைவச் சாஸ் கடையில் கிடைக்கிறது, அதிலும் பூண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சம்பந்தி "நாங்க ஒண்ணு கொண்டு வர்றோம்" என்றால் வேண்டாம் என்று உபசாரத்துக்குக்கூட மறுக்காதீர்கள். அவர்கள் வீட்டில் செய்கிற ஃபூ சோக் (சோயாப்பால் ஏடு), காளான், சோஹூன் (கண்ணாடி நூடுல்ஸ்) போட்ட சைவக் குழம்பு ஏதாவது ஒன்றைக் கேட்டே வாங்குங்கள். அதையும் பெரட்டலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள், ஓரத்தில் ஒதுக்க வேண்டாம். மேசையில் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் பலாக்காய்ப் பெரட்டல், காளான் வறுவல், டால்ச்சா என்று அதனதன் பெயரை எழுதுங்கள். "சைவம்" என்று பெரிதாக ஒரு அட்டை வைத்தால் சாப்பிட வருகிறவர் கரண்டியை எடுக்கும் முன்பே ஏதோ குறைகிறது என்று முடிவுகட்டிவிடுவார். எல்லாம் ஒரே மேசை, ஒரே சாப்பாடு, யாருக்கும் தனிச் சட்டி இல்லை. மருமகளுக்கும் அவள் அப்பா அம்மாவுக்கும் அதுதான் பெரிய மரியாதை என்று நான் நினைக்கிறேன். மூலையில் இரண்டு தட்டு சைவம் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவர்கள் கறி சாப்பிடும் விருந்தில் அவர்கள் விருந்தாளியாகத்தான் இருப்பார்கள், சொந்தமாக இருக்க முடியாது. நீங்கள் எல்லாருக்கும் ஒன்றாகச் சமைக்க நினைத்தது ரொம்ப நல்ல முடிவு, மாமனார் முணுமுணுத்தாலும் அதில் நில்லுங்கள்.

வேலையைப் பிரித்துக்கொள்வதும் முக்கியம், ஏனென்றால் தீபாவளி அன்று காலையிலிருந்தே வீட்டுக்கு ஆள் வந்துகொண்டிருக்கும். முதல் நாளே பெரட்டல், கெரிசிக், இஞ்சி அரைப்பது, காய் வெட்டுவது எல்லாம் முடிந்திருக்கணும். அதே நாளில் படையலுக்குக் கறியும் சமைப்பீர்கள், ஆகவே காலையில் குளித்துச் சுத்தமான அடுப்பில் பெரட்டலை முதலில் முடித்து மூடிவைத்துவிட்டு, அதற்குப் பிறகே கறிக்குப் போங்கள். மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் டால்ச்சாவும் பஜெரியும் (தேங்காய்ப்பாலை மட்டும் பரிமாறும் முன் சேருங்கள்), ஆறு மணிக்குச் சோறு, கடைசியாகக் காளான். தேங்காய்ப்பால் சேர்த்தது எதையும் நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் விட்டு விட்டு வருவார்கள் என்றால் பாதியைப் பிரிட்ஜிலேயே வைத்திருந்து, தேவைப்படும்போது கொதிக்கவைத்துக் கொண்டுவாருங்கள். பெரட்டல் மீந்தால் மூடி போட்ட டப்பாவில் அன்று இரவே பிரிட்ஜுக்குப் போகட்டும். இரண்டு மூன்று நாள் தாராளமாக இருக்கும், மறுநாள் தோசைக்கு வைக்கலாம், மகள் கோலாலம்பூருக்குத் திரும்பும்போது கட்டியும் கொடுக்கலாம்.